ஒளியோட ஒருவழி வேகம்: எந்த வழியில அளக்கலாம், எதை எடுத்துக்கலாம்

ஒளியோட வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர்னு எல்லாரும் படிச்சிருப்போம், ஆனா அந்த நம்பர் போயிட்டு திரும்பி வர்ற ஒளிக்கான நம்பர், அதாவது ரெண்டு பயணத்துக்கும் சேர்த்து வர்ற சராசரி. இங்கேருந்து அங்க மட்டும் போற ஒளிக்கு தனியா என்ன வேகம்னு யாராவது அளந்திருக்காங்களா, அளக்க முடியுமான்னு கேட்டா பதில் அவ்ளோ சுலபமா வராது. ஃபிசிக்ஸ் படிக்கிற பசங்க நிறைய பேருக்கு இதை ப்ராஜெக்ட்டா எடுக்கணும்னு ஆசை வருது, ஒவ்வொருத்தரும் ஒரு ஐடியா வச்சிருக்காங்க, ஒருத்தர் ஃபைபர்ங்கறார், ஒருத்தர் ஜிபிஎஸ்ங்கறார், இன்னொருத்தர் கிளாக்கை மெதுவா தூக்கிட்டு போனா போதும்ங்கறார். அதனால இந்த வழிகளை எல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சு எதுல என்ன கெடைக்கும்னு எழுதறேன். என் முடிவை முன்னாடியே சொல்லிடறேன், எந்த வழியை எடுத்தாலும் எங்கயோ ஒரு இடத்துல ரெண்டு கிளாக்கை சேர்த்து வைக்கிற வேலை நடக்குது, அந்த இடத்துலதான் ஒருவழி வேகத்தோட மதிப்பை நாமளே உள்ள போட்டுடறோம். அதனால எந்தக் கருவி நல்லதுன்னு பாக்கறதுக்கு முன்னாடி கிளாக்கை எப்படி செட் பண்ணப்போறோம்னு முடிவு பண்ணணும்.

சிக்கல் எங்க இருக்குன்னு ஒரு ட்ரெயினை வச்சு பாத்தா தெளிவா தெரியும். ஒரு ஸ்டேஷன்ல 10 மணிக்கு கெளம்புன ட்ரெயின் அடுத்த ஸ்டேஷனுக்கு அங்க இருக்கிற கடிகாரப்படி 10.40க்கு போச்சுன்னா 40 நிமிஷம்னு சொல்லுவோம், ஆனா அந்த ரெண்டாவது கடிகாரம் 5 நிமிஷம் முன்னாடி வச்சிருந்தா நிஜத்துல 35 நிமிஷம்தான் ஆச்சு, அதே ட்ரெயின் திரும்பி வர்றப்ப 30 நிமிஷத்துல வந்த மாதிரி தெரியும், போறதுக்கு 40 வர்றதுக்கு 30, ரெண்டையும் கூட்டினா மட்டும் எப்படி பாத்தாலும் 70தான். கூட்டுத்தொகைக்கு ஒரே ஒரு கடிகாரம் போதும், தனித்தனியா வேணும்னா ரெண்டு கடிகாரமும் ஒத்துப்போகணும். ட்ரெயினுக்கு இதுல கஷ்டம் இல்ல, ட்ரெயினை விட பல மடங்கு வேகமான ஒரு சிக்னலை அனுப்பி கடிகாரத்தை சரி பண்ணிக்கலாம், ஆனா ஒளியை விட வேகமான சிக்னல் எதுவும் நம்ம கையில இல்ல. ஒளியை வச்சு கிளாக்கை செட் பண்ணணும்னா ஒளியோட ஒருவழி வேகம் தெரியணும், அந்த வேகம் தெரியணும்னா கிளாக் செட் ஆகியிருக்கணும், இந்த வட்டத்துக்குள்ளதான் எல்லா ஐடியாவும் சுத்துது.

இதை 1898லயே பிரெஞ்சு கணித மேதை புவான்கரே எழுதிட்டார், ஒளி எல்லா திசையிலயும் ஒரே வேகத்துல போகுதுங்கறது நேரடியா சோதிச்சு பாக்க முடியாத ஒரு எடுகோள், அது இல்லாம நேரத்தை அளக்கவே தொடங்க முடியாதுன்னு. 1905ல ஐன்ஸ்டைன் அதை இன்னும் வெளிப்படையா வச்சார், ஏ-லேருந்து பி-க்கு போற நேரமும் பி-லேருந்து ஏ-க்கு வர்ற நேரமும் சமம்னு வரையறுத்துக்கறோம்னு. அவர் அதை சோதனையில கண்டுபிடிச்சதா சொல்லல, வரையறைன்னுதான் சொன்னார், பாடப்புத்தகங்கள்ல இந்த ஒரு வரியை வேகமா தாண்டிப் போயிடறதாலதான் பின்னாடி இவ்ளோ குழப்பம்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம். 1920கள்ல ஜெர்மன் தத்துவவாதி ரைஹன்பாக் இதுக்கு எப்சிலான்னு ஒரு எழுத்து வச்சார், போயிட்டு வர்ற மொத்த நேரத்துல எத்தனை பங்கு போறதுக்குன்னு அது சொல்லும், பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல என்னவா வேணா இருக்கலாம், ஐன்ஸ்டைன் எடுத்தது அரை. 2021 பிப்ரவரி 18ல நாசாவோட பெர்சிவியரன்ஸ் ரோவர் செவ்வாய்ல எறங்குனப்ப சிக்னல் வர 11 நிமிஷம் 22 நொடி ஆகும்னு சொன்னாங்களே, அது போயிட்டு வர ஆகுற 22 நிமிஷம் 44 நொடில சரிபாதி, அந்த பாதிங்கறது எப்சிலானை அரைன்னு வச்சதால வந்தது. முழு 22 நிமிஷத்தையும் போற சிக்னலுக்கு கொடுத்துட்டு வர்ற சிக்னல் உடனே வந்துடுதுன்னு வச்சாலும் அந்த ரோவரோட ஒரு போட்டோ கூட மாறாது, ஒரு கட்டளை கூட பிசகாது.

சரி, வழிகளுக்கு வருவோம். முதல்ல எல்லாருக்கும் தோணறது நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் ஒளி அனுப்பறது, கிளாக் ரெண்டும் ஒளி வந்ததும் ஓட ஆரம்பிக்கும். இதுல பேச ஒண்ணும் இல்ல, ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல போய் சேரும்னு நெனக்கறதே நாம கண்டுபிடிக்க வேண்டிய விஷயம், அதை மொதல்லயே எடுத்துக்கிட்டோம்.

அடுத்தது கிளாக்கை தூக்கிட்டு போறது, இதுதான் இருக்கறதுலயே பலமான ஐடியா, இதுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணணும். ரெண்டு கிளாக்கை ஒரே மேஜையில வச்சு சரி பண்ணிட்டு ஒண்ணை மட்டும் தூரமா எடுத்துட்டு போறோம், ஓடுற கிளாக் மெதுவா ஓடும்ங்கறது உண்மைதான், ஆனா ரொம்ப மெதுவா எடுத்துட்டு போனா அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யமா ஆயிடுமே, அப்புறம் என்னன்னு கேப்பாங்க. கணக்கு போட்டு பாப்போம். ஒளி ஒரு நொடில போற தூரம், கிட்டத்தட்ட 3 லட்சம் கிலோமீட்டர், அங்க கிளாக்கை நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல கொண்டு போறோம்னு வச்சுக்கோங்க, 10,000 நொடி ஆகும், ஐன்ஸ்டைன் முறைப்படி கிளாக் 50 மைக்ரோநொடி பின்தங்கும், வேகத்தை 3 கிலோமீட்டரா கொறச்சா 5 மைக்ரோநொடி, இன்னும் கொறச்சா இன்னும் கம்மி, பூஜ்யத்தை நோக்கி போயிட்டே இருக்கும். இதை மட்டும் பாத்தா வழி கெடைச்சுடுச்சுன்னு தோணும். இப்ப எப்சிலான் முக்கால்னு வச்சு அதே கணக்கை போடுங்க, போற ஒளிக்கு 1.5 நொடி, வர்ற ஒளிக்கு 0.5 நொடி. இந்த முறைல அந்த தூரத்துல ஏற்கனவே செட் பண்ணி வச்சிருக்கிற கிளாக் ஐன்ஸ்டைன் கிளாக்கை விட அரை நொடி முன்னாடி காட்டும், அப்ப நாம கொண்டு போன கிளாக் அங்க போய் சேர்றப்ப அரை நொடி பின்தங்கி இருக்கும், 30 கிலோமீட்டர் வேகத்துல போனாலும் அரை நொடி, 3 கிலோமீட்டர்ல போனாலும் அரை நொடி, ஒரு வருஷம் எடுத்து நகர்த்தினாலும் அதே அரை நொடி. அதாவது இந்த முறைல ஓடுற கிளாக் எவ்ளோ பின்தங்குதுங்கறது வேகத்தோட வர்க்கத்தை மட்டும் சார்ந்தது கெடையாது, வேகத்துக்கு நேர் விகிதத்துலயும் ஒரு பங்கு இருக்கு, வேகம் கொறஞ்சா பயண நேரம் கூடிடுது, ரெண்டையும் பெருக்கினா அந்த பங்கு அப்படியே நிக்குது. எது சரின்னு கிளாக்கை பாத்து சொல்ல முடியாது, ஏன்னா பயணத்துல கிளாக் பின்தங்கலன்னு தெரிஞ்சாத்தான் முதல் முறை சரி, அது தெரியணும்னா அங்க இன்னொரு கிளாக் செட் ஆகி இருக்கணும்.

நடுவுல இருந்து ரெண்டு கிளாக்கை எதிரெதிர் திசையில ஒரே வேகத்துல தள்றதும் இதே கதைதான், ஒரு பக்கம் பின்தங்கினா இன்னொரு பக்கம் முன்ன போகும், ஒரே வேகம்ங்கறதையே ரெண்டு கிளாக் இல்லாம சொல்ல முடியாது. ஆனா இங்க ஒரு விஷயத்தை விட்டுடக்கூடாது, மெதுவா தூக்கிட்டு போன கிளாக்கும் ஒளி அனுப்பி பாதி பண்ணி செட் பண்ண கிளாக்கும் ஒத்துப்போகுதுங்கறது நிஜமான, சோதிச்சு பாக்கக்கூடிய உண்மை, வானியலாளர் எடிங்டன் 1920கள்லயே இதை அலசியிருக்கார், தத்துவவாதிகள் எல்லிஸும் போமனும் 1967ல இதையே புடிச்சுக்கிட்டு அப்ப ஐன்ஸ்டைன் முறை வெறும் வரையறை இல்லன்னு வாதாடினாங்க. சம்பந்தமில்லாத ரெண்டு முறை ஒரே இடத்துல வந்து நிக்கறது சாதாரண விஷயம் இல்ல, நானும் அதை மதிக்கறேன், ஆனா ரெண்டும் ஒத்துப்போறதால ஒருவழி வேகம் அளக்கப்பட்டுடுச்சுன்னு ஆகாது, ரெண்டு முறையும் ஒரே தேர்வை செய்யுதுன்னுதான் ஆகும்.

சிலர் வரலாற்றை காட்டுவாங்க, 1676ல டென்மார்க் வானியலாளர் ரோமர் ஒளி வேகத்தை கணக்கு பண்ணதுல கண்ணாடியும் இல்ல திரும்பி வர்ற ஒளியும் இல்லயேன்னு. நல்ல கேள்வி. வியாழனோட ஐயோ நிலா 42.5 மணி நேரத்துக்கு ஒருதடவ சுத்தி வருது, பூமி வியாழனை விட்டு விலகிப் போற மாசங்கள்ல கிரகணம் லேட்டா தெரியுது, அந்த வருஷம் நவம்பர்ல வர்ற கிரகணம் 10 நிமிஷம் லேட்டா முடியும்னு ரோமர் பாரிஸ்ல முன்கூட்டியே சொன்னார், பூமியோட சுற்றுப்பாதை விட்டத்தை தாண்ட ஒளிக்கு 22 நிமிஷம் ஆகும்னும் கணக்கு போட்டார், இப்ப நமக்கு தெரிஞ்சது 16 நிமிஷம் 38 நொடி. ஒளி வியாழன்லேருந்து நம்மகிட்ட ஒரு வழியாத்தான் வருது, சந்தேகமே இல்ல. ஆனா பாதையோட ஒரு முனைல இருந்து மறுமுனைக்கு ஆறு மாசமா நகர்ந்து போனது யாரு, பாரிஸ்ல இருந்த கடிகாரம், நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல பூமியோட சேர்ந்து. இது மேல சொன்ன அதே மெதுவா தூக்கிட்டு போற கிளாக், அங்க சொன்ன அதே பங்கு இங்கயும் ஒளிஞ்சிருக்கு. இங்கிலாந்து வானியலாளர் பிராட்லி 1720கள்ல நட்சத்திரங்கள் 20 விகலை (ஒரு டிகிரில 3,600ல ஒரு பங்குதான் ஒரு விகலை) அளவுக்கு எடம் மாறி தெரியறதை வச்சு பண்ணதுலயும் பூமியோட வேகம் கணக்குக்குள்ள வருது, அதுவும் ஒருவழி வேகம்தான், அதுக்கும் ரெண்டு கிளாக் வேணும்.

பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிஸோ 1849ல பாரிஸ் பக்கத்துல சுரேன்லேருந்து மோன்மார்த்ர வரைக்கும் 8,633 மீட்டர் ஒளியை அனுப்பி, அங்க வச்ச கண்ணாடில பட்டு வந்ததை 720 பல்லு இருக்கிற சக்கரத்துக்கு நடுவுல திரும்ப புடிச்சார், நொடிக்கு 12.6 சுத்து, வந்த விடை 3,13,000 கிலோமீட்டர், அது போயிட்டு வர்றதுன்னு அவரே மறைக்கல. இதைப் பாத்துட்டு சில பேர், கண்ணாடியை எடுத்துட்டு அந்தப் பக்கம் இன்னொரு பல்லு சக்கரத்தை வச்சு ரெண்டையும் ஒரே நீள தண்டுல மாட்டிட்டா கிளாக்கே வேணாமேன்னு கேப்பாங்க. கேக்க ரொம்ப அழகா இருக்கும். ஆனா தண்டுங்கறது அணுக்கள் ஒண்ணை ஒண்ணு மின்விசையால புடிச்சுக்கிட்டு இருக்கிற ஒரு சங்கிலி, ஒரு முனைல சுத்துனது மறுமுனைக்கு அதுவழியா ஒலி வேகத்துலதான் போகும், எஃகுல நொடிக்கு சில கிலோமீட்டர். சுத்துற தண்டு முறுக்கிக்காம நேரா இருக்குன்னு சொல்றதுக்கே ரெண்டு முனையும் ஒரே கணத்துல எங்க இருக்குன்னு தெரியணும், எப்சிலானை மாத்தினா அதே தண்டு முறுக்கின தண்டா ஆயிடும், முறுக்கோட அளவு ஒளிக்கு வர்ற வித்தியாசத்தை கச்சிதமா அடிச்சுடும்.

ஒரே கிளாக் வழிகள்ல இன்னொண்ணு கேபிள். 2009ல வெனிசுவேலால ஒரு குழு அமெரிக்க ஃபிசிக்ஸ் ஜர்னல்ல இதை போட்டாங்க, லேசர் ஒளி டிடெக்டருக்கு போகும், டிடெக்டர்லேருந்து சிக்னல் ஒரு கோஆக்சியல் கேபிள் வழியா திரும்ப ஆஸிலோஸ்கோப்புக்கு (சிக்னல் நேரத்தோட மாறறதை வரைஞ்சு காட்டற கருவி) வரும், கேபிள் நீளம் மாறவே மாறாது, அதனால கேபிள் டிலே எப்பவும் ஒண்ணு, டிடெக்டரை நகர்த்தினா மாறறது ஒளியோட ஒருவழி நேரம் மட்டும்னு வாதம். அளவும் நல்லா வந்துச்சு, நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் பக்கத்துல. அடுத்த வருஷமே மறுப்பும் வந்துடுச்சு, கேபிள் நீளம் மாறலன்னாலும் டிடெக்டர் பக்கத்துல இருக்கறப்ப அது சுருண்டு கெடக்கு, தூரமா போறப்ப நீண்டு கெடக்கு, கேபிளுக்குள்ள போற மின்காந்த அலைக்கும் திசையை பொறுத்து வேகம் மாறும்னா டிலே அதே மாதிரி இருக்காது, நீட்டினதும் மாறும், மாறற அளவு கேபிள் எந்த பொருள்ங்கறதை கூட பொறுத்தது இல்ல, ரெண்டு முனைக்கும் இருக்கிற தூரத்தை மட்டும் பொறுத்தது. காலேஜ் லேப்ல பண்ண இது அருமையான செட்டப், அதுல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல, அதுக்கு வைக்கிற தலைப்புலதான் எனக்கு சண்டை.

கேமரா வழியும் இப்ப அடிக்கடி வருது, எம்ஐடில ரமேஷ் ராஸ்கர் குழு 2011ல காட்டின ஃபெம்டோ போட்டோகிராஃபில (ரொம்ப ரொம்ப வேகமா படம் புடிக்கிற முறை) ஒளி ஒரு பாட்டிலுக்குள்ள நகர்ந்து போறதை பாக்கலாம், கண்ணால பாக்கறோமே இதை விட என்ன வேணும்னு. கேமரா பாக்கறது ஒவ்வொரு புள்ளில இருந்தும் சிதறி லென்ஸுக்கு வந்து சேர்ற ஒளியை, அந்த ஒளிக்கும் ஒரு பயணம் இருக்கு, லேசர்லேருந்து புள்ளிக்கு, புள்ளிலேருந்து கேமராவுக்கு, மொத்தமா அது ஒரு வளைஞ்ச போக்குவரத்து. முக்கோணமா மூணு கண்ணாடி வச்சாலும் இதேதான், மூடின பாதைல எப்பவும் சராசரிதான் கெடைக்கும். அப்புறம் அதிர்வெண்ணை அலைநீளத்தால பெருக்கறது, 1972ல அமெரிக்காவுல பௌல்டர்ல எவன்சன் குழு மீத்தேன் வச்சு நிலைப்படுத்தின லேசர்ல பண்ணி 29,97,92,456.2 மீட்டர்னு 1.1 மீட்டர் பிழைக்குள்ள சொன்னாங்களே, அதுல பயண நேரமே வரலயேன்னு கேக்கலாம். அலைநீளத்தை அளக்கற இன்டர்ஃபெரோமீட்டர்ல ஒளி கண்ணாடில பட்டு திரும்புது, அதனால அதுவும் இருவழி. திரும்பாம போற அலையோட நீளம் வேணும்னா ஒரே கணத்துல ரெண்டு முகடு எங்க இருக்குன்னு குறிக்கணும், அந்த ஒரே கணம்ங்கறதுலதான் மறுபடி மாட்டறோம். 1983ல மீட்டரையே ஒளியை வச்சு வரையறுத்துட்டதால இப்ப இருவழி வேகத்துக்கும் பிழை கெடையாது, லேப்ல நாம அளக்கறது உண்மைல நீளத்தை.

இனி ஜிபிஎஸ். 20,200 கிலோமீட்டர் உயரத்துல சாட்டிலைட், கீழ ரிசீவர், சிக்னல் ஒரே திசைல வருது, அதுல வர்ற நேரத்தை வச்சு இடம் தெரியுது, அப்ப தினமும் கோடிக்கணக்கான போன்ல ஒருவழி வேகம் அளக்கப்படுதுன்னு சொல்றவங்க நிறைய பேர். அந்த சாட்டிலைட் கிளாக்குகளை செட் பண்றப்பவே ஒளி எல்லா திசைலயும் ஒரே வேகம்னு பூமி மையத்தை வச்ச, சுத்தாத ஒரு சட்டகத்துல, அதாவது எல்லா அளவுக்கும் அடிப்படையா வைக்கிற நிலையில, எடுத்துக்கிட்டுதான் கணக்கு ஓடுது, அதனால அதே விடை திரும்ப வர்றது ஆச்சரியமே இல்ல. ஆனா ஜிபிஎஸ்ல இதை விட சுவாரஸ்யமான ஒண்ணு இருக்கு, அதை யாரும் சொல்றதில்லன்னு எனக்கு வருத்தம். பூமி சுத்துது, நிலநடுக்கோட்டுல நொடிக்கு 465 மீட்டர். ஜிபிஎஸ் நேரம் காட்டற ரெண்டு கிளாக்கை நிலநடுக்கோட்டுல 1,000 கிலோமீட்டர் தள்ளி வச்சு அளந்தா கிழக்கு பக்கம் போற ஒளிக்கு கிட்டத்தட்ட 5 நானோநொடி கூடும், மேற்கு பக்கம் 5 நானோநொடி கொறயும், அதாவது நாம தினசரி பயன்படுத்தற நேரப்படி தரைல ஒளியோட ஒருவழி வேகம் ரெண்டு திசையிலயும் ஒண்ணு கெடையாது. சரி, ஐன்ஸ்டைன் முறைலயே தரை கிளாக்குகளை ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா செட் பண்ணிட்டே உலகத்தை சுத்தி வந்தா என்ன ஆகும், ஆரம்பிச்ச இடத்துக்கு வந்ததும் முதல் கிளாக்கோட 207 நானோநொடி இடிக்கும். சாக்னாக் விளைவுன்னு சொல்றது இதைத்தான். உலக நேரத்தை பராமரிக்கிற லேப்கள் ரெண்டுல எந்த வசதியை விட்டுக்கொடுக்கறதுன்னு பாத்து, எல்லா கிளாக்கும் ஒத்துப்போகணும்ங்கறதை வச்சுக்கிட்டு, தரைல கிழக்கும் மேற்கும் சமம்ங்கறதை விட்டுட்டாங்க. இதுதான் ஒரு நல்ல தேர்வு எப்படி இருக்கும்ங்கறதுக்கு நான் காட்டற உதாரணம், என்ன வேலைக்கு நேரம் வேணுமோ அதை பாத்து முடிவு.

செட் பண்ண கிளாக் எவ்ளோ முக்கியம்னு 2011ல எல்லாரும் பாத்தாங்க. ஜெனீவா பக்கத்துல இருக்கிற செர்ன் ஆய்வகத்துலேருந்து இத்தாலில கிரான் சாசோவுக்கு 730 கிலோமீட்டர், ஓபரா சோதனைல நியூட்ரினோங்கற நுண்துகள் ஒளியை விட 60 நானோநொடி முன்னாடி வந்துடுச்சுன்னு உலகமே பரபரப்பாச்சு, ரெண்டு முனைலயும் ஜிபிஎஸ் வச்சு செட் பண்ண கிளாக். கடைசில நேரத்தை கொண்டு வர்ற ஒரு ஃபைபர் கேபிள் சரியா சொருகாம இருந்துச்சு, அதை சரி பண்ணதும் வித்தியாசம் போயிடுச்சு.

அப்ப ஒரு வழியா போற ஒளியை பத்தி எதுவுமே அளக்க முடியாதான்னா, இல்ல, முடியும், அதுவும் பெரிய விஷயங்கள். ஒரே பாதைல ஒரே திசைல ரெண்டு விஷயத்தை ஓடவிட்டு எது முன்னாடி வருதுன்னு பாக்க ஒரே கிளாக் போதும். 1987ல பெரிய மெகல்லன் மேகத்துல வெடிச்ச சூப்பர்நோவால இருந்து நியூட்ரினோவும் ஒளியும் ஒன்றரை லட்சம் வருஷத்துக்கு மேல பயணம் பண்ணி சில மணி நேர வித்தியாசத்துல வந்துச்சு. 2017ல ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் மோதினப்ப ஈர்ப்பு அலை வந்து 1.7 நொடில காமா கதிர் வந்துச்சு, தூரம் சுமார் 13 கோடி ஒளியாண்டு. இது ரெண்டுக்கும் எப்சிலான் தேவையே இல்ல. அதே மாதிரி ஒருவழி வேகம் திசையை பொறுத்து மாறிக்கிட்டே இருக்கான்னு பாக்கலாம், 1990ல கலிஃபோர்னியால கோல்ட்ஸ்டோன்ல 21 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ரெண்டு இடத்தை இணைச்ச ஃபைபரோட ரெண்டு முனைலயும் ஹைட்ரஜன் மேசர் கிளாக் (ரொம்ப துல்லியமான அணு கிளாக்) வச்சு பூமி சுத்தறப்ப ஒப்பீடு மாறுதான்னு பாத்தாங்க, 1997ல வுல்ஃபும் பெட்டிட்டும் ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகளை வச்சு அதையே இன்னும் நுணுக்கமா பாத்தாங்க, மாற்றம் எதுவும் கெடைக்கல. இதுங்க சோதிக்கறது சிறப்பு சார்பியல் தப்பா இருந்து நிஜமாவே ஒரு தனிச்சட்டகம் இருந்தா அது கிளாக்குகள்ல வெளிய தெரியுமாங்கறதை. வெறுமனே எப்சிலானை மாத்தி எழுதறதை எந்த சோதனையும் புடிக்காது, அது எல்லா இடத்துலயும் ஒண்ணா மாறி சமன் ஆயிடும்.

அளவு பத்தின கதை இதோட முடிஞ்சது, இனி எந்த கன்வென்ஷனை, அதாவது கிளாக் செட் பண்ற எந்த ஏற்பாட்டை, எடுக்கறதுன்னு பாக்கணும். ஐன்ஸ்டைன் முறைதான் என்னோட தேர்வு, அதுக்கு காரணம் அழகு மட்டும் இல்ல. நிலையா இருக்கிற ஒரு பொருள் ரெண்டு சம துண்டா வெடிச்சா ரெண்டும் ஒரே வேகத்துல எதிரெதிரா போகும்னு நாம எழுதறது இந்த முறைல மட்டும்தான், எப்சிலானை முக்கால்னு வச்சா ரெண்டு துண்டுக்கும் வேற வேற வேகம், உந்தத்துக்கு திசையை பொறுத்து வேற வேற சூத்திரம், தப்பு இல்ல, ஆனா ஒவ்வொரு பக்கமும் தேவையில்லாத பாரம். 1977ல அமெரிக்க தத்துவவாதி மலமென்ட் ஒரு தேற்றம் போட்டார், எந்த நிகழ்வு எதை பாதிக்க முடியும்ங்கற உறவை மட்டும் வச்சு ஒரு சீரான பார்வையாளருக்கு ஒரே நேரம்ங்கறதை கட்டினா ஐன்ஸ்டைன் முறை மட்டும்தான் வரும்னு. இதோட முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நெனச்சாங்க, 1999ல சர்க்காரும் ஸ்டாச்செலும் அவர் எடுத்துக்கிட்ட நிபந்தனைல ஒண்ணை தளர்த்தினா ஒளிக்கூம்பையே, அதாவது ஒரு நிகழ்வோட ஒளியால நேரா இணையற நிகழ்வுகளையே, ஒரே நேரம்னு எடுத்துக்கற முறையும் வரும்னு காட்டினாங்க. அது வெறும் தத்துவ விளையாட்டு இல்ல, வானியல்காரங்க தினமும் அதைத்தான் பண்றாங்க, அந்த சூப்பர்நோவாவுக்கு 1987ஏன்னு பேர் வச்சது இங்க தெரிஞ்ச வருஷத்தை வச்சுத்தானே. பாக்கறப்பதான் நடந்துச்சுன்னு எழுதிக்கறது டெலஸ்கோப் டயரிக்கு வசதி, சூரியக் குடும்பத்துக்குள்ள கலத்தை ஓட்டறவங்களுக்கு வசதி இல்ல, அதனால நாசால பூமியில சிக்னல் வந்த நேரம், கலத்துல நடந்த நேரம்னு ரெண்டையும் தனித்தனியா எழுதறாங்க. பெருவெடிப்போட மிச்சமா எல்லா திசைலேருந்தும் வர்ற பிரபஞ்ச பின்னணி கதிர்வீச்சை வச்சு ஒரு சட்டகத்தை எடுத்து, நாம அதுல நொடிக்கு 370 கிலோமீட்டர் ஓடறோம்னு வச்சு எல்லா கிளாக்கையும் செட் பண்றதும் முரண் இல்லாத ஒரு வழிதான், அப்படி பண்ணா நம்ம லேப்ல ஒருவழி வேகம் திசைக்கு திசை ஆயிரத்துல ஒரு பங்கு அளவுக்கு மாறும். அண்டவியல் தவிர வேற எதுக்கும் அதை எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியல.

ப்ராஜெக்ட் எடுக்கறவங்களுக்கு நேரடியா சொல்றேன். இருவழி அளவை எடுங்க, லேசர் டையோடை 10 மெகாஹெர்ட்ஸ்ல மாடுலேட் பண்ணி (அதாவது பிரகாசத்தை நொடிக்கு ஒரு கோடி தடவ ஏத்தி இறக்கி), 10 மீட்டர் தள்ளி ஒரு கண்ணாடி வச்சு, ஃபோட்டோடையோடுல புடிச்சு 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்ல பாத்தா போயிட்டு வர்ற 20 மீட்டருக்கு சுமார் 67 நானோநொடி நகர்வு தெளிவா தெரியும். ஒரு இடத்துல மட்டும் எடுக்காம கண்ணாடியை மீட்டர் மீட்டரா நகர்த்தி கிராஃப் போட்டு சாய்வை எடுத்தா சர்க்யூட்டுக்குள்ள இருக்கிற டிலே தானா கழிஞ்சுடும். கண்ணாடி வேணாம் டிடெக்டரையே நகர்த்தறேன்னா தாராளமா பண்ணுங்க, கோஆக்சியல் கேபிள்ல மீட்டருக்கு 5 நானோநொடி ஆகும்ங்கறதை மறக்காம எல்லா ரீடிங்குக்கும் அதே கேபிளை வச்சுக்கோங்க, தலைப்புல ஒருவழி வேகம்னு போடாம ஐன்ஸ்டைன் முறைல கிளாக் செட் ஆனதா எடுத்துக்கிட்டு வந்த வேகம்னு ஒரு வரி எழுதி, லேசர், டிடெக்டர், கேபிள், ஸ்கோப்னு முழு லூப்பையும் படமா போடுங்க. மேல படிக்கப் போறவங்களுக்கு பாரிஸ், லண்டன், பிரவுன்ஷ்வைக் லேப்கள் ஆப்டிக்கல் கிளாக்குகளை ஃபைபர்ல இணைச்சு பூமி சுத்தறப்ப ஒப்பீடு மாறுதான்னு 2017ல பண்ண சோதனையை படிக்க சொல்லுவேன், ஒருவழி ஒளியை பத்தி இன்னைக்கு உண்மையா கேக்கக்கூடிய கேள்விகள் அந்தப் பக்கம்தான் இருக்கு.